நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்

வீட்டில் தோட்டா நிரப்பும் புரோகிரசிவ் பிரஸ் வாங்கக் கிளம்புகிறவர் எல்லோரும் முதலில் கேட்பது, “மணிக்கு எத்தனை தோட்டா போடும்?” என்றுதான். விளம்பரங்களும் அந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள சில வீடுகளில், ஓடிக்கொண்டிருக்கும் பிரஸ்களின் முன்னால் நின்று பார்த்தபோது எனக்கு அந்தக் கேள்வி பின்னால் போய்விட்டது. இயந்திரத்தை நடுவழியில் நிறுத்தினால், அதில் ஏறியிருக்கும் ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியுமா? வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

அரிசோனாவில் வீட்டில் தோட்டா நிரப்புவது அரிய பழக்கமல்ல. ஃபீனிக்ஸின் வட எல்லையில், மாநில வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறை நடத்தும் பென் ஏவரி சுடுதளம் சுமார் 1,650 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது. அங்கே நடக்கும் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் 9 மி.மீ. பிரிவில் நானும் கலந்துகொள்கிறேன். ஓர் உள்ளூர்ப் போட்டிக்கே 150 தோட்டா வரை ஆகிவிடும். பயிற்சிக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டும். 2020, 2021இல் பெருந்தொற்றின்போது கடை அலமாரிகள் காலியாகின. தோட்டாவும் இல்லை, அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லை. அப்போதும் பயிற்சியை விடாமல் நடத்தியவர்கள், முன்யோசனையோடு பொருள் வாங்கி வைத்து வீட்டிலேயே நிரப்பிக்கொண்டவர்கள்தான்.

போட்டிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் ‘பவர் ஃபேக்டர்’ என்று ஒரு கணக்கு இருக்கிறது. குண்டின் எடையைக் கிரெயினிலும் அதன் வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுக்க வேண்டும். 147 கிரெயின் குண்டு 880 அடி வேகத்தில் போனால் விடை 129.36. ‘மைனர்’ பிரிவுக்குக் குறைந்தது 125 வேண்டும். கடைத் தோட்டா பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விடும்; கையில் வீணான உதைப்புதான் மிச்சம். தானே நிரப்புகிறவர் கோட்டுக்குச் சற்று மேலே, தன் கைக்கு இதமான இடத்தில் நின்றுகொள்ளலாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் உரிமம் கட்டாயம். இந்தியாவில் நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். இங்கே நான் எழுதுவதெல்லாம் அரிசோனா வீடுகளில் கண்டவை.

கூட்டின் பயணம்

ஒரு தோட்டாவுக்கு நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, பிரைமர், பவுடர், குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் தீர்ந்துபோகும். கூடு மட்டும் மிஞ்சும். நான்கில் பொதுவாக விலை அதிகமானது அதுதான். அதனால்தான் போட்டி முடிந்ததும் எல்லோரும் குனிந்து ‘பிராஸ்’ பொறுக்குகிறார்கள்.

சுட்ட கூடு சற்று உப்பியிருக்கும். ‘டை’ என்ற அச்சுக்குள் அழுத்தி அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதே அழுத்தத்தில் எரிந்த பிரைமரை ஓர் ஊசி வெளியே தள்ளிவிடும். அடுத்துப் புதுப் பிரைமர் ஏறும். பிறகு கூட்டின் வாயைக் கொஞ்சம் விரித்துப் பவுடரை இறக்க வேண்டும். அதன்பின் குண்டை உரிய ஆழத்துக்கு அமர்த்த வேண்டும். கடைசியில், விரித்த வாயை மறுபடி குண்டோடு படியவைக்கும் ‘கிரிம்ப்’.

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டைதான். பந்தியில் உப்பு வைப்பவர் எல்லா இலைக்கும் உப்பு வைத்து முடித்த பிறகு அடுத்தவர் பொரியலோடு வருவதைப் போல, நூறு கூட்டுக்கும் ஒரு வேலை முடிந்த பிறகுதான் அடுத்த வேலை. புரோகிரசிவ் பிரஸ்ஸில் இலையே நகர்கிறது. ஷெல் பிளேட் என்ற வட்டத் தட்டில் நான்கைந்து கூடுகள் நிற்கின்றன. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லாக் கூடுகளுக்கும் அதனதன் ஸ்டேஷனில் உரிய வேலை நடக்கிறது. தட்டு ஒரு படி நகர்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா வெளியே விழுகிறது.

வேகம் அங்கிருந்து வருகிறது. ஆபத்தும் அங்கிருந்துதான் வருகிறது. சிங்கிள் ஸ்டேஜில் பவுடர் போட்ட ஐம்பது கூடுகளும் பலகையில் வரிசையாக நிற்கும். விளக்கை மேலே பிடித்து ஒரே பார்வையில் எல்லாவற்றையும் ஒப்பிடலாம். புரோகிரசிவ்வில் அந்த வரிசை கிடையாது. ஒவ்வொரு கூடும் ஒவ்வொரு நிலையில் இருக்கிறது. பவுடரைப் பார்க்கக் கிடைப்பது, அடுத்த ஸ்டேஷனில் குண்டு ஏறுவதற்கு முந்தைய ஒரு நொடிதான்.

அளவுகளோ மிகச் சிறியவை. ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். ஒரு கிரெயின் என்பது சுமார் 0.065 கிராம். 9 மி.மீ. கூட்டுக்குப் போகும் பவுடர் சில கிரெயின்கள் மட்டுமே. பவுடரே விழாவிட்டால், பிரைமரின் வலுவில் மட்டும் குண்டு நகர்ந்து குழலின் நடுவே சிக்கி நிற்கும். இதை ‘ஸ்குவிப்’ என்கிறார்கள். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும். பவுடர் இருமுறை விழுந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவின் தோட்டாத் தர அமைப்பான சாமி, 9 மி.மீ. தோட்டாவுக்கு வகுத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரட்டைப் பவுடர் அந்த வரம்பை மதிக்காது.

சாண்ட்லர்: கட்டைவிரலால் சுழலும் தட்டு

ஃபீனிக்ஸுக்குத் தெற்கே உள்ள சாண்ட்லரில் சிப் தொழிற்சாலைகளை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியிருக்கின்றன. அப்படி வந்த கோவைக்காரர் ஒருவரின் மேசையைத்தான் முதலில் பார்த்தேன். ஊரில் டூல்ரூமில் வேலை பழகியவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இருப்பது டில்லன் ஆர்.எல். 550. டி.டபிள்யூ.ஏ. விமானியாக இருந்த மைக் டில்லன், பக்கத்து ஸ்காட்ஸ்டேலில் வளர்த்த நிறுவனத்தின் தயாரிப்பு.

முதலில் மேசையைக் காட்டினார். இரண்டு பலகைகளை ஒட்டித் தடிமனாக்கி, சுவரின் மரச்சட்டங்களோடு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார். “கூட்டை அமுக்கறப்ப மேசை ஆடுச்சுன்னா, பவுடர் அளவும் ஆடும் தம்பி. பிரஸ்ஸுக்கு முன்னாடி இதுக்குச் செலவு பண்ணுங்க” என்றார்.

550இல் நான்கு ஸ்டேஷன்கள். தட்டு தானாகச் சுழலாது. ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் இடது கைக் கட்டைவிரலால் தட்டை ஒரு படி தள்ள வேண்டும். அண்ணா வலது கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஒரு கூடு, ஒரு குண்டு, ஒரு தள்ளு என்று சீராக ஓட்டினார். இழுக்கும்போது அளவும் பவுடரும். திருப்பித் தள்ளும்போது பிரைமர். பிரைமர் அமர்வது உள்ளங்கையிலேயே தெரிகிறது. நான் தள்ளிப் பார்த்தபோது சன்னமான ஓர் எதிர்ப்பும், பிறகு உறுதியாக நிற்கும் ஓர் இடமும் தட்டுப்பட்டன.

இந்த பிரஸ்ஸில் பவுடர் கொட்டும் கருவி கூட்டின் உந்துதலால்தான் இயங்குகிறது. கூடு இல்லாத ஸ்டேஷனில் பவுடர் விழாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடு அங்கேயே நின்றால்? அண்ணா வேண்டுமென்றே தட்டைத் தள்ளாமல் விட்டு என்னைப் பார்த்தார்.

“இப்ப போன் வந்துச்சுன்னு வெச்சுக்கங்க. பேசிட்டு வந்து நிக்கறீங்க. ரெண்டாவது ஸ்டேஷன்ல இருக்கற கூட்டுல பவுடர் விழுந்துருச்சா, விழலையா?”

குனிந்து பார்த்தேன். கூட்டின் வாயை டை மறைத்திருந்தது. விளக்கின் கோணமும் சரியில்லை. என்னால் சொல்ல முடியவில்லை.

“தெரியலைன்னா, விழுந்துருச்சுன்னு வெச்சுக்கணும். அதுக்காக அப்படியே மேல ஓட்டவும் கூடாது” என்றபடி, அந்தக் கூட்டைப் பிடித்திருந்த சிறு பின்னைக் கழற்றினார். கூட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்து, பவுடரைக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். ஒரு கூட்டை மட்டும் தனியே உருவி எடுக்க எத்தனை விரல் வேலை ஆகிறது என்று நான் கவனித்தது அப்போதுதான். 550இல் அது சுலபம்: பின்னை எடு, கூட்டை எடு, பின்னைத் திருப்பிப் போடு. வாங்கும் முன் எந்த பிரஸ்ஸிலும் இதைச் செய்து பார்த்துவிட வேண்டும். கூட்டை எடுப்பது தொல்லையாக இருந்தால், களைத்த மாலையில் மனிதன் எடுக்காமல் விட்டுவிடுவான்.

கையால் சுழற்றும் பிரஸ்ஸின் பலம், உங்கள் விரல் தள்ளாமல் தட்டு நகராது என்பது. பலவீனமும் அதே. தள்ள மறந்தால் அதே கூட்டில் இன்னொரு முறை பவுடர் இறங்கும். கவனம் முழுக்க உங்களுடையது. தவிர, நான்கு ஸ்டேஷன்களிலும் வேலை நிரம்பிவிடுவதால் பவுடரைச் சோதிக்கும் டைக்குத் தனி இடம் கிடையாது. அண்ணா அதற்காக டைகளுக்கு நடுவே ஒரு எல்.இ.டி. விளக்கும், மூன்றாவது ஸ்டேஷனை நோக்கிச் சாய்த்த ஒரு சிறு கண்ணாடியும் வைத்திருக்கிறார். குண்டை வைக்கும் கை போகும் முன் கண் போகிறது. பவுடரையும் அதற்கேற்றபடி தேர்ந்திருக்கிறார். கூட்டில் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான வகை என்பதால், இருமுறை விழுந்தால் வாய் வழிந்துவிடும். எந்த பிரஸ் வாங்கினாலும் இந்தப் பாதுகாப்பு கூடவே வரும்.

மேசா: ஒரு நேரத்தில் ஒரு கூடு

கிழக்கே மேசாவில், ஓய்வுபெற்ற மெஷினிஸ்ட் ஒருவரின் பட்டறை. வாசலிலேயே கண்ணுக்குக் கண்ணாடி கொடுத்தார். பிரைமர் கையாளும் இடத்தில் அது இல்லாமல் நிற்க விடமாட்டார். அவரிடம் பல பிரஸ்கள் பக்கம் பக்கமாக இருந்தன. ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் என்ற கனமான சிங்கிள் ஸ்டேஜ், விஸ்கான்சினில் செய்யப்படும் லீ கிளாசிக் டரட், நெப்ராஸ்காவின் ஹார்னடி லாக்-என்-லோட் ஏ.பி.

நான் புரோகிரசிவ்வைப் பார்க்க வந்தேன் என்றதும் அவர் டரட்டின் முன்னால் நிறுத்தினார். அதில் கூடு நகர்வதில்லை. மேலே இருக்கும் டைகள்தான் சுழல்கின்றன. கைப்பிடியை நான்குமுறை இழுத்தால் ஒரு தோட்டா. எந்த நொடியில் நிறுத்தினாலும் வேலையில் இருப்பது ஒரே ஒரு கூடு. அதுவும் கண்ணுக்கு நேரே.

“மாதம் இருநூறு, முந்நூறு தோட்டா சுடுகிறவருக்கு இது போதும்” என்றார். “ஆயிரத்தைத் தாண்டினால்தான் புரோகிரசிவ்வைப் பற்றிப் பேச வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம்?”

நான் இரண்டாவது பக்கம். ஆனாலும் அவர் கேட்டது நியாயம். பலருக்கு டரட்டோடு தேடல் முடிந்துவிடலாம். செலவும் அதில் மிகக் குறைவு.

ஹார்னடியில் ஐந்து ஸ்டேஷன்கள். தட்டு தானே சுழல்கிறது. அதுவும் இரண்டு பாதியாக: கைப்பிடி இறங்கும்போது அரைப் படி, ஏறும்போது அரைப் படி. வாய்வரை பவுடர் நின்ற ஒரு கூட்டைத் தட்டில் வைத்து ஓட்டிக் காட்டினார். அரைப் படி அசைவு மென்மையாக இருந்ததால் பவுடர் சிந்தவில்லை. ஒரே வீச்சில் முழுப் படி சுழலும் பிரஸ்களில் தட்டு டக்கென்று நிற்கும். குட்டையான கூட்டில் பவுடர் நிறைய இருந்தால், கையை மெதுவாக விட்டுப் பழக வேண்டியிருக்கும். டைகளையும் மரைபோட்டுக் கழற்ற வேண்டாம். ஒவ்வொரு டைக்கும் ஒரு புஷ். கொஞ்சம் திருப்பினால் கையோடு வந்துவிடுகிறது.

ஐந்தாவது ஸ்டேஷன் தரும் இடத்தில் அவர் ‘பவுடர் காப்’ என்ற டையை மாட்டியிருந்தார். கூட்டுக்குள் ஒரு கம்பி இறங்கிப் பவுடரின் மேல் உட்காரும். அதன் மேல்முனையில் உள்ள கோடு சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அரை கிரெயின் வித்தியாசத்தைக் காட்டாது, அதற்குத் தராசுதான். பவுடரே இல்லை என்பதையும் இரட்டையாக இருக்கிறது என்பதையும் காட்டும். உயிர்காக்க அது போதும்.

அலமாரியில் ஒரு ஜாடி. பொறுக்கிவந்த பித்தளையில் சேர்ந்துவந்த வம்புகளை அதில் போட்டு வைத்திருக்கிறார். 9 மி.மீ. கூட்டோடு கலந்துவிடும், இரண்டு மி.மீ. குட்டையான .380 கூடு. பெரிய பிரைமருக்குப் பதில் சிறிய பிரைமருக்குத் துளையிட்ட .45 கூடு. பிரைமரைச் சுற்றி நெரித்து மூடிய ராணுவக் கூடு. அந்த நெரிசலை நீக்காமல் புதுப் பிரைமர் ஏறாது. அடியில் நடுத்துளைக்குப் பதிலாக இரண்டு சிறு துளைகள் உள்ள பெர்டன் வகைக் கூடு. ஊசி இறங்கினால் ஊசிதான் உடையும். சிங்கிள் ஸ்டேஜில் இவை கையில் தட்டுப்பட்டு நின்றுவிடும். புரோகிரசிவ்வில் ஒன்று நின்றால் மற்ற நான்கும் அரைகுறையாக நிற்கின்றன. “பிரஸ் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் பிரஸ் இல்லை, வாளியில் இருந்து வருவது” என்றார். கூட்டைப் பிரிக்கப் பொறுமை இல்லாதவருக்கு எந்த பிரஸ்ஸும் சுகமாக ஓடாது.

ரைஃபிள் கூடுகளைப் பற்றியும் ஒரு தெளிவு கிடைத்தது. நேரான கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு கார்பைடு டை இருந்தால் எண்ணெய் தேவையில்லை. ஒரே சுற்றில் முடியும். கழுத்து ஒடுங்கிய ரைஃபிள் கூட்டுக்கு மசகு தடவ வேண்டும். டைக்குள் போனால் அது நீளும்; நீளத்தை வெட்டி, மசகைத் துடைத்த பிறகே பவுடர் போட முடியும். ஆக, பலர் அதை இரண்டு சுற்றாகத்தான் செய்கிறார்கள். ரைஃபிளுக்காகவே அதிவேக பிரஸ் வாங்குகிறவர் இதை முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வட ஃபீனிக்ஸ்: கூட்டைத் தானே ஊட்டும் இயந்திரம்

பென் ஏவரிக்கு அருகே போட்டிக்காரத் தம்பதியின் வீட்டில் டில்லன் எக்ஸ்.எல். 750 ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து ஸ்டேஷன், தானே சுழலும் தட்டு, மேலே மின்சார கேஸ் ஃபீடர். வாளியில் கொட்டிய கூடுகளை அது ஒவ்வொன்றாகக் குழாயில் இறக்குகிறது. இடது கைக்கு மிஞ்சிய வேலை குண்டு வைப்பது மட்டும். வீட்டம்மாதான் அதில் அதிகம் நிரப்புகிறவர். நூறு தோட்டா விழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கும் ஆசை பொங்கியது.

அவர் கைப்பிடியைப் பாதியில் நிறுத்தினார். “இப்போது பிரைமர் சரியாக ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் தெரிகிறது. உடனே என்ன செய்யத் தோன்றும்?”

இன்னொருமுறை அழுத்தத் தோன்றும் என்றேன்.

“அதைத்தான் செய்யக் கூடாது” என்று இரண்டு காரணங்கள் சொன்னார். ஒன்று, பிரைமரை எப்போதும் பலவந்தம் பண்ணக்கூடாது. நூறு பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று வெடித்தால் மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்காகத்தான் அந்தக் குழாயைச் சுற்றிக் கனத்த உலோக உறை. இரண்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால், ஏற்கெனவே பவுடர் விழுந்த கூட்டில் இன்னும் கொஞ்சம் விழலாம். தானே சுழலும் பிரஸ், முழு இழுப்பும் முழுத் தள்ளும் நடக்கும் என்று நம்பிக் கட்டப்பட்டது. அரை இழுப்பில் அந்த நம்பிக்கை உடைந்துவிடும்.

அவருடைய விதி எளியது. எதற்காக நிறுத்தினாலும், பவுடர் ஸ்டேஷனிலிருந்து குண்டு ஏறும் ஸ்டேஷன் வரை உள்ள கூடுகளை எடுத்துக் கவிழ்த்துவிட வேண்டும். அதன்பிறகே மறுபடி ஓட்ட வேண்டும். மூன்றாவது ஸ்டேஷனில் ஒலி எழுப்பும் பவுடர் சோதனைக் கருவி இருக்கிறது. பவுடர் மட்டம் பிசகினால் பீப் என்று கத்தும். ஆர்.சி.பி.எஸ். தயாரிக்கும் ‘லாக்-அவுட்’ டை என்றால் கத்தாது, பிரஸ்ஸையே நகரவிடாமல் பூட்டிவிடும். கருவி எதுவானாலும் அவர் விதி மாறுவதில்லை.

இன்னொரு சிறு பழக்கமும் எனக்குப் பிடித்தது. குழாயில் நூறு பிரைமர் ஏற்றும்போது தட்டிலும் எண்ணி நூறு குண்டுகள் வைக்கிறார். பிரைமர் தீர்ந்ததை அறிவிக்கும் மணி அடிக்கும்போது குண்டும் தீர வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் அந்தத் தொகுதி அப்படியே ஒதுக்கப்படும். காரணம் தெரியும்வரை துப்பாக்கிக்குப் போகாது. முடிந்த தோட்டாக்களை நூறு துளைகள் உள்ள அளவுக்கட்டையில் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்க்கிறார். முழுதாக இறங்காதது பயிற்சிக்குக்கூட வராது.

கேஸ் ஃபீடரைப் பற்றிக் கேட்டேன். “முதல் நாளே வாங்காதீர்கள். கையால் ஒவ்வொரு கூடாக வைத்து ஓட்டினால், எங்கே எது தடுமாறுகிறது என்று கை கற்றுக்கொள்ளும். ஃபீடர் அந்தப் பாடத்தை மறைத்துவிடும்.”

வீட்டுக்குள் எங்கே வைப்பது

2023இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, ஃபீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது வெயில். அதாவது 43 டிகிரி செல்சியசுக்கு மேல். இப்படிப்பட்ட ஊரில் கராஜில் பிரஸ் இருக்கலாம். பவுடர் இருக்கக் கூடாது. வெப்பத்தில் பவுடர் கெடும். கெட்ட பவுடர் மூக்கை அறுக்கும் புளித்த நெடி வீசும். செம்பழுப்புப் புகையும் எழும். நான் பார்த்த வீடுகளில் எல்லாம் பவுடர் வீட்டுக்குள், ஏ.சி. படும் அலமாரியில், வாங்கிய டப்பாவிலேயே இருந்தது. வேலை முடிந்ததும் பிரஸ்ஸில் மிஞ்சியதையும் அதே டப்பாவுக்குத் திருப்புகிறார்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான். இரண்டு வகை கலந்தால் திரும்பப் பிரிக்க வழியில்லை.

அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை புகையற்ற பவுடரை அதன் சொந்தக் கலனில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. பிரைமர் 10,000 வரை. வெளியேற வழியில்லாத இரும்புப் பெட்டியில் பவுடரை அடைத்துப் பூட்டுவது தவறு. தீப்பிடித்தால், திறந்த இடத்தில் எரிந்து தீர வேண்டியது அங்கே வெடிகுண்டாகிவிடும்.

சிறு பிள்ளை உள்ள வீடு என்னுடையது. பூட்டைப் பற்றி யோசித்திருந்தேன். ஈயத்தைப் பற்றி அவ்வளவு யோசித்ததில்லை. சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. கூடுகளைத் தானியத் தூளில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது அது தூசியாகப் பறக்கும். மேசாக்காரர் அதனால் தண்ணீரிலேயே உருட்டுகிறார். மேசையில் தின்பண்டமும் காபியும் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. பிரஸ்ஸின் இடம் சமையலறையிலிருந்தும் பிள்ளை விளையாடும் தரையிலிருந்தும் தள்ளி, கதவு பூட்டும் அறையில்தான். அந்த அறை இல்லாத வீட்டில் பிரஸ் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பிரஸ்ஸின் விலை, அதற்குப் பின்னால் வரும் விலை

பிரஸ்ஸின் விலை தொடக்கம் மட்டுமே. டரட் சில நூறு டாலருக்குள் முடியும். 750ஐக் கேஸ் ஃபீடரோடு எடுத்தால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். அதற்குமேல் தராசு, சோதனை எடைக்கற்கள், கேலிப்பர், டைகள், நிரப்பும் அளவுகள் அச்சிட்ட கையேடு எல்லாம் வேண்டும். கையேடு இல்லாமல், யாரோ சொன்ன அளவை நம்பி ஒரு கிரெயின்கூட நிரப்பக் கூடாது என்பதில் நான் பார்த்த எல்லோரும் ஒரே குரல்.

இன்னொரு தோட்டா அளவுக்கு மாறும்போது ஆகும் செலவையும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். பெரும்பாலான பிரஸ்கள் 7/8-14 மரையுள்ள பொதுவான டைகளை ஏற்கும். டில்லனின் பழைய ஸ்கொயர் டீல் பி அப்படியல்ல: கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு மட்டும், தனக்கென்றே செய்த டைகளோடு. பழைய சாமானாக மலிவாகக் கிடைத்தால் இதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டும்.

கடையிலோ பழகியவர் வீட்டிலோ பிரஸ்ஸின் முன் நிற்கும்போது கேட்க வேண்டியவை இவை:

- பாதி இழுப்பில் நிறுத்தினால் தட்டு எந்த நிலையில் நிற்கிறது?
- எந்த ஸ்டேஷனிலிருந்தும் ஒரு கூட்டை மட்டும் தனியே எடுக்க முடியுமா? எவ்வளவு நேரம் ஆகிறது?
- உட்கார்ந்தோ நின்றோ, நான் வேலை செய்யும் உயரத்தில் பவுடர் விழுந்த கூட்டின் உள்ளே கண் படுகிறதா?
- பவுடர் சோதனை டைக்குத் தனி ஸ்டேஷன் இருக்கிறதா?
- பிரைமர் அமர்வது கையில் தெரிகிறதா? பிரைமர் குழாய்க்கு உலோக உறை உண்டா?
- வேறு தோட்டாவுக்கு மாற்ற என்னென்ன வாங்க வேண்டும்?

என் முடிவு இது. என் சுடும் அளவுக்கு டரட் போதாது, புரோகிரசிவ் வேண்டும். தள்ள மறந்தால் இரட்டைப் பவுடர் என்ற வழி அடைபட வேண்டும் என்பதால் தானே சுழலும் தட்டு. பவுடர் சோதனைக்கு இடம் வேண்டும் என்பதால் ஐந்து ஸ்டேஷன். குட்டையான 9 மி.மீ. கூட்டைச் சிந்தாமல் நகர்த்தும் அரைப் படிச் சுழற்சி எனக்குப் பிடித்திருப்பதால் ஹார்னடி ஏ.பி. கேஸ் ஃபீடர் இப்போதைக்கு இல்லை. தொடக்கத்தில் தட்டில் ஒரே ஒரு கூட்டை ஏற்றி, அது எல்லா ஸ்டேஷனையும் கடந்து தோட்டாவாக விழுந்த பிறகுதான் அடுத்ததை ஏற்றுவேன். புரோகிரசிவ்வை டரட்டாக ஓட்டுவது வேகத்தை வீணாக்குவதாகச் சிலருக்குத் தோன்றலாம். நிறுத்தியதும் கூட்டை வெளியே எடுப்பது யோசிக்காமலே நடக்கும் பழக்கமான பிறகு மற்ற நான்கு இடங்களையும் நிரப்பிக்கொள்கிறேன். அதுவரை ஒன்று போதும்.